பீப்பாய்க்குள் ஆறு க்யூப்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துவது என் வேலை. பொருளாதாரப் பக்கம் எழுதுகிறவர் முதுகு பிடித்துக்கொண்டு விடுப்பில் போய்விட்டார். ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். என் மடியில் விரிந்து கிடந்த மொழிபெயர்ப்பு நாவலைப் பார்த்தும் பார்க்காதவர் போல நின்றார்.

"உங்க அக்கா கட்டட வேலைலதானே இருக்காங்க?"

"ஆமா சார். சைட் எஞ்சினியர்."

"அப்ப நீ எழுது. கட்டுமானத் துறை வளர்ச்சியை நம்பி நாடு எழுந்து நிக்க முடியுமா, நின்னா நிலைக்குமா. ஆயிரம் வார்த்தை."

"எஞ்சினியர் எங்க அக்கா சார். நான் இல்ல."

"அவங்களுக்கு நேரம் இருக்காது. உனக்கு இருக்கு." இப்போது என் மடியை நேராகவே பார்த்தார்.

அந்த ஆயிரம் வார்த்தைக் கட்டுரையில் நான் எழுதிய ஒரே ஒரு வாக்கியம்தான் இந்தக் கதை நடக்கக் காரணம். அது வரும்போது சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

"அன்று காலை பனி பெய்துகொண்டிருந்தது." (பெய்யவில்லை. நான் படிக்கும் நாவல்களில் பெய்கிறது. அங்கே ஒரு ரயிலும் தாமதமாக வரும். அக்கா எனக்கு வைத்திருக்கும் பெயரே ரயிலு.)

"கடந்த காலாண்டில் கட்டுமானத் துறையின் வளர்ச்சி, மற்றெல்லாத் துறைகளையும்விட..." (இதை அக்காவிடம் காட்டினேன். பக்கத்தில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்து, "இதுல நான் எவ்வளவு?" என்று கேட்டாள். வாக்கியத்தை விட்டுவிட்டேன்.)

மூன்றாவது தொடக்கம் இது: நான்கு வருடம் என் அக்கா செருப்புக் கடையில் வேலை பார்த்தாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். பொருளாதாரம் சரிந்து நாடு விழுந்தபோது முதலில் நின்றுபோனவை கட்டடங்கள்தான். எங்கள் பஸ் போகும் வழியில் ஒரு குடியிருப்புக் கட்டடம் மூன்றாவது மாடியோடு நின்றது. தூண்களின் தலையிலிருந்து கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கட்டடத்தின் எஞ்சினியராக இருந்தவள், இரண்டு தெரு தள்ளி, முக்காலியில் உட்கார்ந்து மற்றவர்களின் பாதத்தை அளந்துகொண்டிருந்தாள். வீட்டில் அவள் ஒரு நாளும் அழவில்லை. பஸ்ஸில் அந்த இடம் வரும்போது மட்டும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள்.

பிறகு ஒரு நாள் அந்தக் கம்பிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் சத்தம் கேட்டது. அக்கா பஸ்ஸை அங்கேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். நான் அவளுடைய சாப்பாட்டுப் பையோடு அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி ஓடி வந்தேன்.

(செருப்புக் கடைப் பழக்கம் மட்டும் போகவில்லை. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பாள். புதிதாக ஒருவர் சைட்டுக்கு வந்தால் "ஒம்பது" என்பாள். அது அவருடைய பூட்ஸ் அளவு. இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.)

3

கட்டுரைக்கு விஷயம் சேகரிக்க அதே கட்டடத்தின் சைட்டுக்கு நான் போன நாள், நாலாவது மாடித் தளம் போட்டுப் பன்னிரண்டாவது நாள். தளம் என்றால் காங்கிரீட் கூரை. அதற்கடியில் இரும்பு முட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். அவற்றுக்கு அங்கே ஜாக்கி என்று பெயர். ஈரத் தளத்துக்குத் தன்னைத் தானே தாங்கத் தெரியாது. தெரிகிற வரைக்கும் ஜாக்கிகள் தாங்கும்.

அந்தக் காட்டுக்குள் நான் நடந்தேன். காடு என்று எழுதக் கூடாதுதான், ஆனால் வேறு எப்படிச் சொல்வது? இருநூறு இரும்பு மரங்கள், கிளையில்லாமல், ஒரே உயரத்தில், தலையில் ஒரு வீட்டையே வைத்துக்கொண்டு நின்றன. மேலே தேங்கிய தண்ணீர் எங்கோ ஓரத்தில் சொட்டியது. எனக்குப் புல்லரித்தது.

"தலைல தொப்பி போடும்மா, அப்புறமா புல்லரிக்கலாம்" என்றார் சென்ட்ரிங் மேஸ்திரி. ஜாக்கிகளை நிறுத்துவதும் பலகை அடிப்பதும் பிறகு பிரிப்பதும் அவருடைய குழுவின் வேலை. நாற்பது பேர். வேலை இல்லாத நான்கு வருடத்தில் அந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போயிருந்தார்கள். ஒவ்வொருவரையும் போன் போட்டுத் தேடிப் பிடித்திருக்கிறார். ஒருவரை ஓட்டல் சமையலறையிலிருந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஈரக்கையோடு அழைத்து வந்தாராம்.

"எழுதிக்கோ. நாளன்னிக்கு இந்த ஜாக்கியெல்லாம் கழட்டி ரெண்டாவது பிளாக்குக்குப் போகுது. அங்க அஸ்திவாரம் ரெடி, தூண் ரெடி. ஜாக்கிக்காகத்தான் காத்திருக்கு. ஒரு தளம் தன் கால்ல நின்னாத்தான் அடுத்த தளத்துக்குக் கால் கிடைக்கும். இதுதாம்மா உங்க பத்திரிகைல போடற வளர்ச்சி."

உண்மையாகவே எழுதிக்கொண்டேன். இதைவிடத் தெளிவாக எந்தப் பொருளாதாரப் பக்கத்திலும் நான் பிழை திருத்தியதில்லை.

(இவரை வில்லனாக்கிவிடுவேனோ என்று உங்களுக்குப் பயம் இருக்கலாம். எனக்கும் இருந்தது. நாளன்னிக்கு என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அவசரப்படுகிறவர் கதையில் வந்தாலே வாசகர் சந்தேகப்படுவார். ஆனால் அவர் எனக்குத் தொப்பியின் வாரைத் தாடைக்குச் சரியாக இழுத்துக் கட்டிவிட்டார். அவரைக் கெட்டவராக எழுத எனக்குக் கை வரவில்லை.)

4

மேலே, தளத்தின் மீது, குழாயக்கா இருந்தாள். கையில் எப்போதும் ரப்பர் குழாய் இருப்பதால் அந்தப் பெயர். காங்கிரீட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். கலவையால் சின்னச் சின்ன வரப்புக் கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, அதில் தண்ணீரை நிறுத்துவார்கள். வானம் அந்தப் பாத்திகளில் துண்டு துண்டாகக் கிடந்தது.

"மேடத்தோட தங்கச்சியா? அவங்க மாதிரியே நடக்கற. ஆனா அவங்க கீழ பாத்து நடப்பாங்க, நீ மேல பாத்து நடக்கற. ஒரு நாள் விழப் போற."

வேலை இல்லாத நாட்களில் அவள் ஒரு பூங்காவில் புல்லுக்குத் தண்ணீர் விட்டாளாம். "போரடிச்சுப் போச்சு. புல்லு தண்ணி விட்டா வளரும், மறுபடி வெட்டுவாங்க. இது தண்ணி விட்டா நிக்கும். நம்ம போன பிறகும் நிக்கும்."

ஓரத்தில் ஒரு நீலப் பீப்பாய் இருந்தது. அதைத் திறந்து காட்டினாள், யாருக்கும் காட்டாத நகையைக் காட்டுகிற மாதிரி. உள்ளே தண்ணீருக்கடியில் மூன்று சாம்பல் நிறக் கட்டிகள், சதுரமாக, ஒவ்வொன்றும் ஒரு சாண். தளம் போட்ட அதே காங்கிரீட்டில் ஆறு கட்டி வார்த்து எடுத்து வைப்பார்கள். க்யூப் என்று சொல்கிறார்கள். மூன்றை ஏழாவது நாள் சோதனைக் கூடத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள், மூன்றை இருபத்தெட்டாவது நாள். க்யூப் தாங்கினால் தளமும் தாங்கும் என்று கணக்கு. முதல் மூன்றும் பிரமாதமாகப் பாஸ்.

"நான் வளத்த பிள்ளைங்க" என்றாள் குழாயக்கா. "நடுவுல தண்ணி லாரியே வரல. ஊரெல்லாம் கட்டடம் கட்டறாங்களே, எல்லா லாரியும் எல்லா சைட்டுக்கும் ஓடுது. கிடைச்ச கொஞ்சத் தண்ணியையும் இதுக்குத்தான் முதல்ல ஊத்தினேன். ஒரு நாள்கூட இதுங்க காயல, தெரியுமா?"

நான் நெகிழ்ந்துபோனேன். அன்று மாலை எழுதிய கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம் சேர்த்தேன்:

"தண்ணீர் குறைந்த நாட்களில் அவள் முதலில் க்யூப்களுக்குத் தந்தாள், தளம் தன் தாகத்தோடு காத்திருந்தது."

நான் சொன்ன வாக்கியம் இதுதான்.

5

மறுநாள் காலை, பதின்மூன்றாவது நாள். அக்கா ஒரு கையில் டீயும் மறு கையில் என் கட்டுரையுமாகச் சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். முதல் பக்கத்தில் இரண்டு முறை சிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் டீயைக் கீழே வைத்தாள்.

"ரயிலு, இது நிஜமா, இல்ல நீ சும்மா எழுதினதா?"

"எது?"

"தளம் தாகத்தோட காத்திருந்ததுன்னு போட்டிருக்கியே."

"அது ஒரு நடைக்காக..."

"நடையை விடுடி. தண்ணி விட்டாங்களா, விடலையா?"

மூன்று வருடமாக வாக்கியங்களோடு வாழ்கிறேன். ஒற்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள், நீளமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை இப்படித் தோள் பிடித்து உலுக்கி யாரும் கேட்டதில்லை. என் அக்காவைவிட நல்ல வாசகரை நான் இனி பார்க்கப் போவதில்லை.

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

(உங்களுக்காக ஒரு விளக்கம். மறுநாள் ஜாக்கிகளை எடுக்க வேண்டுமென்றால் அக்கா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் தளம் தன் காலில் நிற்கும், அல்லது நிற்காது. போடாவிட்டால் இரண்டாவது பிளாக் நின்றுபோகும், நாற்பது பேர் மறுபடி சிதறலாம், தலைமை அலுவலகம் வேறு எஞ்சினியரைத் தேடலாம். செருப்புக் கடையில் அந்த முக்காலி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.)

6

குழாயக்கா பாத்தியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் குழாயை மடக்கித் தண்ணீரை நிறுத்தினாள்.

"எத்தனை நாள் தண்ணி இல்ல?"

"மூணு நாள், மேடம். அப்புறம் நாலு நாள் பாதிதான் வந்துச்சு. கிழக்குப் பக்கம் விட்டேன், மேற்குக்குப் பத்தல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட சொல்லாம என்ன? லாரி வரலன்னு தினம் சொன்னேன். நீங்க போன் மேல போன் போட்டீங்க. அப்புறம் எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

அக்கா பீப்பாயின் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஆனாலும் க்யூப் காயக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆபீஸ்ல அதைத்தான் கேப்பாங்கன்னீங்க. காய விடல நான்."

பீப்பாய் மூடியிருந்தது. அதன் மேல் ஒரு செங்கல் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது, காற்றில் மூடி பறக்காமல் இருக்க.

"சொன்னேன்" என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தக் கதைக்கு நான் அவளிடம் கடன்பட்டிருக்கிறேன். "நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டிருக்கலாம். அதற்கு அர்த்தம் இதுவா என்று கத்தியிருக்கலாம். க்யூப் எதற்கு வைத்தோம், தளத்தைத் தெரிந்துகொள்ளத்தானே என்று பாடம் எடுத்திருக்கலாம். ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டாள். பிறகு பையிலிருந்து சோதனைச் சுத்தியலை எடுத்தாள். பேனா மாதிரி பெரிய குழல். காங்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் எடை மோதித் துள்ளும். எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு உறுதி. கிழக்கில் ஆறு பகுதிகளில் நன்றாகத் துள்ளியது. மேற்கில் நான்கு பகுதிகளில், தூங்குகிறவரைத் தட்டின மாதிரி, மந்தமாக.

மேஸ்திரி பின்னாலேயே வந்தார்.

"மேடம், க்யூப் பாஸ் ஆச்சே. பேப்பர் இருக்கே."

"க்யூப் மேலயா மேஸ்திரி, அஞ்சாவது மாடி கட்டப் போறோம்?"

"நான் அப்படிச் சொல்லல. ஜாக்கி ஏத்த மூணு லாரி நாளைக்கு வாசல்ல வந்து நிக்கும். பசங்களுக்கு வேலை சொல்லியாச்சு. நாளைக்கு இல்லன்னா ஆத்துப் பாலம் சைட்ல கூப்பிடறான். போயிடுவானுங்க மேடம். ஒருத்தனைப் பிடிக்க எனக்கு எத்தனை மாசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். அதான் அவங்க தலைக்கு மேல எது இருக்குன்னு பாக்கறேன்."

மேஸ்திரி தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

7

இந்த இடத்தில்தான் எனக்குக் கட்டுரையின் பதில் கிடைத்தது என்று நினைத்தேன். அன்று மாலையே அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, காலாண்டு வளர்ச்சி எண் இருக்கே, அதுதான் க்யூப். எல்லாரும் அதையே நனைச்சு நனைச்சு வளக்கறாங்க. நாடுதான் தளம். கட்டுமானத் துறை ஜாக்கி. தளம் இறுகற வரைக்கும்தான்..."

"எல்லாத்தையும் வேற ஒண்ணு ஆக்காத. ஜாக்கி ஜாக்கிதான். நாளைக்கு அதுக்கு ஒரு கடிதம் எழுதணும், நகரு."

நகர்ந்தேன். ஆனாலும் அந்த ஒப்புமையை முழுதாக விட மனமில்லை, உங்களிடம் சொல்லிக்கொள்கிறேன். கட்டடம் எழும்பும்போது எத்தனை பேர் எழுகிறார்கள் என்று நான் பார்த்தேன். சிமென்ட் லாரி ஓட்டுகிறவர், கம்பி வளைக்கிறவர், வாசலில் டீக்கடை போட்டவர், பூட்ஸ் விற்கிற கடை. (அக்காவின் பழைய முதலாளி இப்போது பூட்ஸ் மட்டுமே வாங்கி வைக்கிறார்.) விழுந்த நாட்டை இவ்வளவு வேகமாகக் கை கொடுத்துத் தூக்க வேறு எந்த வேலைக்கும் தெரியாது. படிப்புக் கேட்காமல், வயது கேட்காமல், நாளைக்கே வா என்று கூப்பிடுகிற வேலை இது. அதை நான் கும்பிடுகிறேன். ஆனால் கட்டி முடித்த வீட்டில் குடியேற யாராவது வேண்டும், அவர்களுக்கு வேறு ஏதாவது வேலை இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜாக்கிகளை எந்த நாளும் எடுக்க முடியாது. தாங்குமா என்று ஆசிரியர் கேட்டார். தாங்கும். தாங்கிக்கொண்டே இருக்கச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல ஆயிரம் வார்த்தை தேவையில்லை என்று...

இந்த வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். பதினான்காம் நாள் விடிந்துவிட்டது.

8

முடிவுகள்.

முதல் முடிவு: அக்கா கையெழுத்துப் போடுகிறாள். ஜாக்கிகள் போகின்றன. தளம் நிற்கிறது. ஒன்றும் ஆகவில்லை. வருடக் கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. இந்த முடிவை எழுதிவிட்டு என்னால் இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. ஒன்றும் ஆகாத அந்தக் கட்டடத்தைத் தாண்டி அக்கா ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் போவாள். மறுபடி எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்ப்பாள்.

இரண்டாம் முடிவு: தளம் விழுகிறது. இதை எழுத மாட்டேன். நான் படித்த பெரிய நாவல்களில் மனிதர்களை மிகச் சுலபமாகக் கொல்கிறார்கள். எனக்குத் தொப்பி வாரைக் கட்டிவிட்டவர் அந்தத் தளத்துக்குக் கீழே நிற்பார்.

மூன்றாவது, நடந்தது. அக்கா கடிதத்தை இரண்டாகப் பிரித்தாள். கிழக்கில் ஆறு பகுதிகளின் ஜாக்கிகளை எடுக்கலாம். மேற்கில் நான்கும் இன்னும் பதினான்கு நாள் நிற்க வேண்டும், தினமும் தண்ணீரோடு. விட்டுப்போன நாட்கள் முழுதாகத் திரும்பாது என்றாலும் மறுபடி நனைத்தால் காங்கிரீட் மறுபடி வளரும் என்றாள். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "நீர் போதாத நாட்களில் க்யூப்களுக்கு முதலிடம் தரும்படி சொன்னது நான்."

அதில் குழாயக்காவின் பெயரே இல்லை. நான் பிழை திருத்திக் கொடுத்தேன். ஒரு பிழையும் இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை தண்ணீர் லாரி வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மேஸ்திரி கிடைத்த ஜாக்கிகளை வைத்து இரண்டாவது பிளாக்கில் பாதித் தளத்துக்குப் பலகை அடிக்க ஆரம்பித்தார். "பாதி வீடு கட்டற மேஸ்திரின்னு பேரு வாங்கிக் கொடுத்துட்டீங்க மேடம்" என்று போகும்போதும் வரும்போதும் சொன்னார். நாற்பதில் ஏழு பேர் பாலத்துக்குப் போய்விட்டார்கள். அந்த ஏழு பேரை இந்தக் கதையால் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை.

குழாயக்கா மட்டும் இரண்டு நாள் அக்காவோடு பேசவில்லை. மூன்றாவது நாள் மேற்குப் பாத்திகளின் வரப்பை ஒரு விரல் உயர்த்திக் கட்டியிருந்தாள். "இனி ஆபீஸ்ல எது கேட்டாலும் கேக்கட்டும்" என்றாள். "தளம் எப்படி இருக்குன்னு எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்."

9

இன்று இருபத்தெட்டாவது நாள். கடைசி மூன்று க்யூப்கள் சோதனைக் கூடத்துக்குப் போயிருக்கின்றன. முடிவு மாலையில்தான் வரும். அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. மேற்கில் ஒவ்வொரு பகுதியிலும் சுத்தியலை வைத்துப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜாக்கிகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு எடுப்பார்கள். மரையைத் தளர்த்துகிறபோது ஒவ்வொன்றும் சின்னதாக முனகும், நீண்ட நேரம் நின்றவர் உட்காருகிற மாதிரி. இந்தக் குழுவிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி ஜாக்கியை எடுக்கும்போது, கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அந்தத் தளத்துக்குக் கீழே நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. பாதுகாப்பு விதிக்கு இது நேர் எதிர் என்றுகூடச் சொல்வார்கள். மேஸ்திரி இதை யாரிடமும் கேட்பதில்லை. கடைசி ஜாக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அக்கா உள்ளே போய் நின்றாள். பிறகு யாரும் எதிர்பார்க்காமல், மேலேயிருந்து குழாயைப் போட்டுவிட்டுப் படியிறங்கி வந்த குழாயக்கா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீங்க எதுக்கு? நீங்க கையெழுத்துப் போடலையே" என்றார் மேஸ்திரி.

"தண்ணி விட்டது யாரு?"

அக்கா குனிந்து குழாயக்காவின் காலைப் பார்த்தாள். "ஏழு" என்றாள். "உங்களுக்கு நாளைக்கு ஒரு நல்ல பூட்ஸ் எடுத்துட்டு வரேன்."

"முதல்ல இன்னிக்கு முடியட்டும் மேடம்."

மேஸ்திரி சிரித்தார். அவர் கை மரையின் மேல் இருக்கிறது. ஒரே ஒரு ஜாக்கி நிற்கிறது. தளத்தின் அடிப்புறத்தில் ஒரு ஈரத் துளி திரண்டு, விழலாமா என்று யோசிக்கிறது.

நான் நோட்டையும் பேனாவையும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போகிறேன். இதற்கு மேல் எழுத இருவருக்கும் நடுவில் நின்றால்தான் முடியும். அங்கே நின்றால் எழுத முடியாது. அதனால் அந்தக் கடைசி ஜாக்கியை உங்களிடம் விடுகிறேன். நாடு எழுந்து நிற்குமா, நிலைக்குமா என்று என்னைக் கேட்டவர்கள் எல்லோரிடமும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: உள்ளே இடம் இருக்கிறது. தரை ஈரமாக இருக்கும், செருப்பு நனையும்.

எங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறீர்களா?